மிக்ஸிக்குத் தைத்த போர்வை

பாப்பாவின் கவுனுக்குக் கீழ் மடிப்புத் தைக்க உட்கார்ந்திருக்கிறேன். கையில் இருப்பது உன் நீல நூல். தீப்பெட்டியில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்து மூக்கருகே கொண்டு போனால் மிஷின் எண்ணெய் வாசனை இன்னும் அடிக்கிறது. நீ போய் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். எழுதும்படியாக எதையும் நான் செய்திருக்கவில்லை, போன வாரம் வரை.

பாப்பா பக்கத்தில் தூங்குகிறாள். மூச்சு வருகிறதா என்று நடுநடுவே மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். நீ இருந்தால், "அவ மூச்ச அவ விடுவா, நீ உன் மூச்ச விடு பி.காம்." என்றிருப்பாய்.

பி.காம். என்றுதான் கடைசிவரை என்னைக் கூப்பிட்டாய். கல்யாணமாகி ஸ்ரீராம்புரத்து வரிசை வீட்டுக்கு வந்த புதிதில், குழாயடியில் குடத்தோடு வழிமறித்தாயே. "பி.காம். படிச்சவங்களாமே, கிளி வரையத் தெரியுமா?" தெரியும் என்றேன். உனக்குத் தையல் வந்த அளவுக்கு வரைய வராது. மல்லேஸ்வரத்தில் நீ மிக்ஸி உறை தைத்துக் கொடுத்த வீட்டம்மா, "ஏனம்மா, காகெ யாக்கெ ஹசிரு?" என்று கேட்டாளாம், காக்கா ஏன் பச்சையாக இருக்கிறது என்று. அதைச் சொல்லி நீயே குடம் தளும்பத் தளும்பச் சிரித்தாய்.

அன்றிலிருந்து நான் கார்பன் தாள் வைத்து வரைந்தேன், நீ தைத்தாய். மிக்ஸி உறை, சிலிண்டருக்குப் பாவாடை, ஃப்ரிஜ் கைப்பிடிக்குச் சட்டை, சூடான பாத்திரம் இறக்கப் பஞ்சு வைத்த பிடிதுணி. மிஷினில் துணியை அமுக்கிப் பிடிக்கும் பாதத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வளையத்தில் இறுக்கிய துணியை இரண்டு கையாலும் நகர்த்தி நகர்த்தி எம்ப்ராய்டரி போடுவாய். வெறும் ஊசி உன் விரல்களுக்கு நடுவே இறங்கி ஏறும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே இன்னும் வேகமாக மிதிப்பாய்.

நமக்குள் சண்டை வந்ததெல்லாம் மடிப்பால்தான். நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விடுவாய். "இந்த மடிப்பையெல்லாம் சேர்த்தா இன்னொரு உறை தைக்கலாம்" என்பேன். "மிக்ஸிய மாத்துவாங்க, வீட்ட மாத்துவாங்க, உள்ள கொஞ்சம் துணி இருந்தா உனக்கென்ன வலிக்குது?" என்பாய். மற்றதெல்லாம் மிஷினில் ஓட்டினாலும் அந்த மடிப்பை மட்டும் கையால் தைப்பாய். கேட்டால், "பின்னாடி பிரிக்கிறவளுக்குக் கை நோகக் கூடாது இல்ல?"

நீலத் துணியில் மிக்ஸி, சிலிண்டர், ஃப்ரிஜ் எல்லாவற்றுக்குமாக ஒரு செட் தைத்தாய். அது விற்பதற்கில்லை. சந்தாபுராவில் வீடு கட்ட சைட் வாங்கிய சந்தோஷத்தில் உனக்கென்றே நீ தைத்தது. உன் ஒற்றை அறையில் அடுப்பு மூலைக்கும் கட்டில் காலுக்கும் நடுவே ஒரு முறம் வைக்க இடமில்லை. யார் யார் சமையலறைக்கோ தைத்தவளுக்குச் சொந்தமாகச் சமையலறை என்று ஒன்று வரப்போகிறது என்ற நினைப்பே தாங்கவில்லை. உன் வீட்டில் மழை ஒழுகும் என்று செட்டை என் ட்ரங்குப் பெட்டியில் வைத்தாய். "இது எனக்கு. எவ வந்து கேட்டாலும் குடுத்துடாத, பி.காம்."

அதில் மிக்ஸி உறைக்கு மட்டும் கிளி வேண்டாம் என்றாய். மூடிய கண்கள் இரண்டு வரையச் சொன்னாய். உன் மகளுக்கு அப்போது நடை வந்து கொஞ்ச நாள்தான். மிக்ஸி சத்தம் கேட்டால் நீலம் பாரித்து அழுவாள். அரைக்கும் முன்னால், "மிக்ஸி எழுந்திருக்கப் போவுது, அம்மா முந்தானையப் புடிச்சுக்கோ" என்று சொல்லுவாய். அரைத்து முடித்ததும் பழைய துண்டு ஒன்றைப் போர்த்தி, "தூங்கிடுச்சு, ஷ்ஷ்" என்பாய். அவளும் உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்பாள். புது வீட்டில் அந்தத் துண்டுக்குப் பதிலாக இருக்கட்டும் என்றுதான் கண் மூடிய போர்வை.

மழைக்காலத்துக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறும்போது, "மாவு அரைச்சு வெச்சிருக்கேன், புளிச்சுடப் போவுது, எடுத்துக்கோ" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது. மாவு புளித்துத்தான் போனது.

குழந்தையை உன் மாமியார் ஊருக்குக் கூட்டிப்போனார். அதற்கப்புறம்தான் எனக்குப் பாப்பா பிறந்தாள், இந்தப் பயமும் பிறந்தது. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் என் அடுப்படியில் வந்து நிற்கப்போகிறவளுக்கு, பாலில் ஆடை இருந்தால் இவள் குடிக்கமாட்டாள் என்று யார் சொல்லுவார்கள்? இவரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

சந்தாபுரா வீடு எழும்பிவிட்டது. உன் வீட்டுக்காரர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். செல்வி என்று பேர், சின்ன வயசு. கிருஹப்பிரவேசத்துக்கு நீல செட்டைப் பையில் எடுத்துக்கொண்டுதான் அந்த வழியாகப் போகும் அத்திபெலே பஸ் ஏறினேன். அங்கே பளபளவென்ற மேடையில் செல்வி பால் பொங்க வைத்ததைப் பார்த்ததும் உன் குரல்தான் காதில் விழுந்தது. எவ வந்து கேட்டாலும். பையைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

போன வாரம் செல்வி தனியாக என் வீட்டுக்கு வந்தாள். காப்பியைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுப் பாப்பா என்கிட்ட ஒட்டவே மாட்டேங்குது. ஊர்லேர்ந்து கூட்டிட்டு வந்ததுலேர்ந்து, நான் சமைக்கப் போனாலே அலறிக்கிட்டுத் தெருவுக்கு ஓடுது. அவங்கம்மா இடத்துல நான் நிக்கறது புடிக்கல போல. திருப்பி ஊருக்கே அனுப்பிடலாம்னு இவரு சொல்றாரு."

"எப்ப ஓடறா? சமைக்கப் போனதுமா, மிக்ஸி போட்டதுமா?"

அவள் யோசித்தாள். "சட்னி அரைக்கும்போது..." என்றவள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டாள். "என்னைப் பார்த்துதான் ஓடுதுன்னு நினைச்சேன்க்கா."

முந்தானை, துண்டு, ஷ்ஷ், எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். பிறகு ட்ரங்கைத் திறந்தேன். நீ என்னைத் திட்டுவாய் என்று தெரிந்தேதான் திறந்தேன்.

மறுநாள் சந்தாபுராவில் போட்டுப் பார்த்தால், உறை முக்கால்வாசிதான் இறங்கியது. செல்வியின் அம்மா வீட்டில் கொடுத்த மிக்ஸி உன்னுடையதைவிட உயரம். கண்கள் எங்கோ நெற்றியில் இருந்தன. செல்வியின் முகம் வாடிவிட்டது. நான் உறையைத் திருப்பிக் கீழ் மடிப்பைப் பார்த்தேன். நாலு விரல்.

ஒரு முடிச்சை நெம்பி இழுத்தேன். நூல் முழுசாக, எங்கும் அறுபடாமல் கையோடு வந்தது. கொஞ்சம்கூட நோகவில்லை. மடிப்புக்குள் இருந்த துணி, ட்ரங்கில் கிடந்து மேலே மங்கிய இடத்துக்குக் கீழே, நீ வாங்கிய அன்றிருந்த நீலத்தில் இருந்தது. செல்வி அதை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது உறை மேடை வரை இறங்கியது.

உன் மகள் கதவோரத்தில் நின்று பார்த்தாள். வளர்ந்துவிட்டாள், உன் நெற்றி அப்படியே. உன்னை அவளுக்கு நினைவிருக்கிறதா என்று என்னால் கேட்க முடியவில்லை. மெதுவாக வந்து, எட்டி, அந்த மூடிய கண்ணைத் தொட்டாள். பிறகு உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்" என்றாள். என்னைப் பார்த்து அல்ல. செல்வியைப் பார்த்து.

செல்வியும் விரல் வைத்தாள்.

நான் வெளியே வந்து செருப்புப் போடுகிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

அங்கிருந்து எனக்கென்று எடுத்து வந்தது இந்த நூலை மட்டும்தான். பழைய நூல், பாதியில் அறுந்துவிடுகிறது. முடிச்சுப் போட்டுப் போட்டுத் தைக்கிறேன். பாப்பாவின் கவுனுக்கு இவ்வளவு துணியா என்று இவர் கேட்டார். நாலு விரல் உள்ளே மடித்திருக்கிறேன். மிஷினில் ஓட்டவில்லை, கையால்தான் தைக்கிறேன். பிரிக்கப்போவது நானாகவும் இருக்கலாம்.