ஒரு ஸ்டாம்ப் மிச்சம்

பிரிட்லிங்டன்
8 மார்ச் 2024

அன்புள்ள கிளிஃப்,

உன் அக்கா எனிட்தான். பதினாலு வருஷம் கழித்துக் கடிதம் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பாய். யாரும் சாகவில்லை. கோர்ட்டிலிருந்து தபால் வந்திருக்கிறது. என் பழைய வங்கிக் கடனை ஏதோ ஒரு கம்பெனி விலைக்கு வாங்கி, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறது. தோற்றால் வீட்டின் மேலேயே கை வைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

மரியாதையாக மன்னிப்புக் கேட்டு, கடனை ஒப்புக்கொள்ளும் படிவத்தை நிரப்பி, தபால் ஆபீஸுக்கும் போனேன். அங்கிருந்த பெண், "இந்தப் பழைய ஸ்டாம்ப் செல்லாதும்மா, புதுசுலதான் பக்கத்துல பார்கோடு இருக்கும்" என்றாள். புது ஸ்டாம்பின் விலையைக் கேட்டு ஒன்றே ஒன்றுதான் வாங்கினேன். அதை உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தில் ஒட்டிவிட்டேன், படிவம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஹல் நூலகத்தில் நீ இலவசச் சட்ட ஆலோசனை மேசையில் உட்காருவதாகக் கேள்வி.

எனிட்

ஹல்
11 மார்ச்

அன்புள்ள அக்கா,

அந்தப் படிவத்தை அடுப்பில் போடு. ஒப்புக்கொண்டால் தீர்ப்பு அவர்கள் பக்கம்தான். கோர்ட் தாளில் போட்ட தேதியிலிருந்து பத்தொன்பது நாளுக்குள், 'வழக்கு முழுவதையும் எதிர்க்கிறேன்' என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பு. பிறகு பதில் எழுத இன்னும் இரண்டு வாரம் கிடைக்கும். கடைசியாக எப்போது பணம் கட்டினாய்? கடனை ஒப்புக்கொண்டு யாருக்காவது எழுதினாயா? இரண்டும் இல்லாமல் ஆறு வருஷம் தாண்டியிருந்தால் சட்டப்படி அந்தக் கடன் காலாவதி, அவர்கள் பாடு திண்டாட்டம்தான். கையில் இருக்கும் தாள்களையெல்லாம் அனுப்பு.

மீனை மாட்டுக்கொழுப்பில் பொரித்திருந்தால் நாம் மீன் பொரித்து விற்ற அந்த வேன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் சொல்லிவைக்கிறேன்.

கிளிஃப்

பிரிட்லிங்டன்
14 மார்ச்

அன்புள்ள கிளிஃப்,

குறியிட்டு அனுப்பிவிட்டேன். நீ கேட்ட தாள்கள் இதனுடன் இருக்கின்றன. கடைசியாகக் கட்டியது 2015 ஈஸ்டருக்கு, வேனை விற்ற மாதம். அதற்குப்பின் ஒரு காசு கட்டவில்லை, ஒரு வரி எழுதவில்லை. எதற்கு வாங்கிய கடன் என்று கேட்காதே, வேன் செலவு.

எண்ணெயில் பொரித்ததுதான் சரி. அதிலிருந்து ஓர் அங்குலம் இறங்க மாட்டேன்.

எனிட்

ஹல்
27 ஜூன்

அன்புள்ள அக்கா,

அவர்களே வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள். நம் பதிலில் 2015 என்று பார்த்ததும் வழக்கு நிற்காது என்று புரிந்துகொண்டார்கள். அறிவிப்பின் நகல் இதனுடன் இருக்கிறது. வீடு உன்னுடையதுதான், நிம்மதியாகத் தூங்கு.

ஆனால் நீ பொய் சொன்னாய். கடன் பத்திரத்தில் தேதியைப் பார்த்தேன். கொழுப்பா எண்ணெயா என்று கத்திவிட்டு நான் வேனை விட்டுப் போன மறுவாரம். நாலாயிரம் பவுண்டு. என் பங்கு என்று நீ என் மேசையில் எறிந்துவிட்டுப் போன அதே நாலாயிரம். உனக்குப் பணம் கொட்டிக் கிடக்கிறது என்று ஊர் முழுக்கச் சொன்னேன், அக்கா. வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பணத்தில் ஒரு படகு வாங்கினேன். பிரிட்லிங்டன் துறைமுகத்தில்தான் நிற்கிறது. உன் கண்ணில் படாமல் வந்துபோய்க்கொண்டிருந்தேன். அதன் பெயரை இதுவரை உன்னிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. 'எனிட்'. ஓயாமல் முனகும், ஒரு நாளும் கவிழ்ந்ததில்லை.

உன் தம்பி
கிளிஃப்

பிரிட்லிங்டன்
29 ஜூன்

என் அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்ததும் துறைமுகத்துக்கு ஓடினேன். பெயரைப் பார்த்து அழுதேன், பிறகு சிரித்தேன். அதற்கு ஒரு கை பெயின்ட் அடிக்கக் கூடாதா? பெயரைக் கெடுக்கிறாய்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் படகருகே நிற்பேன். நீ மீனைப் பிடி. மாட்டுக்கொழுப்பு நான் கொண்டுவருகிறேன்.

உன் அக்கா
எனிட்