நெற்றியைத் துடைத்துவிட்டு வந்தவளுக்கு

அக்கா,

நேற்றுக் காலை சர்க்கரைச் சோதனைக்காகக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு தோட்டத்துப் பெண் வந்து உட்கார்ந்தாள். நெற்றியில் பட்டையாக விபூதி. வெயிலில் நடந்து வந்த வியர்வையில் அது ஈரமாகிப் புருவத்தில் இறங்கியிருந்தது. என் முக்காட்டைப் பார்த்து மலாய்க்காரி என்று நினைத்து, பையை மடியில் எடுத்து வைத்து, முழங்கையையும் ஒடுக்கிக்கொண்டாள். "பரவாயில்லம்மா, நல்லா உட்காருங்க" என்றேன். "அட, தமிழா நீங்க?" என்று சிரித்தாள். அவள் என் பக்கம் திரும்பியபோது விபூதியும் வியர்வையும் கலந்த வாசனை வந்தது. என் எண்ணை இரண்டு முறை கூப்பிட்டார்கள். எழுந்திருக்க முடியவில்லை.

நீ போய் நான்கு வருடமாகிறது. இது நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். நீ உயிரோடு இருந்தபோது ஒரு வரி எழுதியதில்லை.

எங்கள் உணவகத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு நீ வரும்போதெல்லாம், கேட்டுக்கு வெளியே கால்வாய் ஓரம் நின்று பையைக் கீழே வைப்பாய். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து சேலை முந்தானையை நனைப்பாய். நெற்றியைத் துடைப்பாய். ஒரு முறை துடைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் லோரியின் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து, மிச்சத்தையும் துடைப்பாய். பிறகுதான் மணியை அழுத்துவாய். மாடி ஜன்னலிலிருந்து நான் இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். துடைக்காதே என்று ஒரு முறைகூட இறங்கி வந்து சொல்லவில்லை. துடை என்றும் நான் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "மாமியோட சொந்தக்காரங்க வந்து போற வீடு, பார்த்து வா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். உனக்கு அது போதுமாக இருந்தது.

என்னைவிட ஒன்பது வயது மூத்தவள் நீ. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, சபாக் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக்கு உரம் போடும் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தாய். ஆனால் உன்னை யாரும் சாது என்று சொன்னதில்லை. வேலை வாங்கும் மண்டோரே உன்னிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு தரம் யோசிப்பார். அப்படி ஒரு வாய் உனக்கு.

நான் கோல சிலாங்கூரில் கணக்குப் பார்க்கும் வேலைக்கு வந்து, அந்த உணவகத்தின் முதலாளி மகனையே கட்டிக்கொள்ளப் போகிறேன், இஸ்லாம் மார்க்கத்தில் சேரப் போகிறேன் என்று சொன்ன அன்று நீ என்னை அறைந்தாய். பிறகு நம் லயத்து வீட்டு வரிசையின் பொதுக்குழாயடிக்குப் போய், எல்லாரும் பார்க்க ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாய். "என் தங்கச்சி செத்துட்டா. தலைமுழுகிட்டேன்" என்றாய். ஈரம் சொட்டச் சொட்ட நீ நின்ற அந்தக் கோலத்தைத்தான் பிற்பாடு நான் எல்லாவற்றுக்கும் நியாயமாக வைத்துக்கொண்டேன். நீதானே முதலில் அறுத்தாய் என்று.

ஆனால் உன்னால் ஏழு மாதம்தான் தாங்க முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்போடு வந்து நின்றாய். சபாக்கில் ஒரு மலாய்க் கடைக்காரம்மாவிடம் எங்கள் ஆட்கள் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாய். புதுச் சட்டி, புதுக் கரண்டி வாங்கியிருந்தாய். சட்டியின் அடியில் விலைத்தாள்கூட இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"பாப்பா, கோழி இல்ல, வெறும் மீனுதான். சட்டியும் புதுசு" என்றாய்.

"பாப்பான்னு கூப்பிடாத. எனக்கு இப்ப வேற பேரு."

"பாப்பாங்கிறதுக்கு என்னாடி மதம்?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாய். நீ கேட்டைத் தாண்டுவதற்குள் நான் சட்டியைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். மூடி கீழே விழுந்து உருண்ட சத்தத்தில் நீ திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு நடந்தாய்.

மாமி, என் கணவரின் அம்மா, சமையலறை வாசலில் நின்றிருந்தார். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். பிறந்ததிலிருந்து முஸ்லிம். ஒரு வேளைத் தொழுகையைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

"மீன் ஆணத்துல என்னா புள்ள ஹராம்?" என்றார்.

"சந்தேகமா இருந்துச்சு மாமி."

"மீன்லயா சந்தேகம், அவ மேலயா?"

அன்று மாமி மத்தியானம் சாப்பிடவில்லை.

அப்போதெல்லாம் நான் தொலைபேசியில் ஓயாமல் மார்க்கச் சொற்பொழிவுகள் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோடு நெருங்கக்கூடாது, எந்தப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லக்கூடாது என்பவற்றைத் தேடித் தேடிக் கேட்டேன். வேறு மார்க்கத்தில் இருந்தாலும் பெற்றவர்களோடு உலகத்தில் நல்லபடி நடந்துகொள் என்று இறைவன் சொல்லும் இடம் வந்தால், அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போவேன். அறியாமல் செய்தேன் என்று உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. சிலை வணங்கும் தாய் பார்க்க வந்தபோது சேர்த்துக்கொள்ளலாமா என்று ஒரு பெண் நபியிடம் கேட்டதையும், உறவைச் சேர்த்து நட என்று அவர்கள் சொன்னதையும் மாமி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரிந்தே இருந்தது. என் பயம் வேறு. லயத்தில் பிறந்தவள் என்ற வாசனை என்மேல் இன்னும் இருக்கிறதா என்று கணவர் வீட்டு உறவுகள் மோந்து பார்ப்பதாக நினைத்தேன். நீ வந்தால் அந்த வாசனை வந்தது. உரமும் விபூதியும். அதை வெளியே நிறுத்த எனக்கு ஒரு கதவு வேண்டும். மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் சாத்தினால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். பக்கத்தில் இடம் கிடைக்காமல், கோல சிலாங்கூரில் ஒரு நிலையத்தில் கிடைத்தது. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். தோட்டத்திலிருந்து உனக்கு இரண்டு பஸ்.

நீ கேட்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. நெற்றி சுத்தமாக இருந்தது. கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது. மாமி, "பசியாறுனியாம்மா?" என்று கேட்டுத் தேநீர் வைத்தார். நீ தேநீரைத் தொடாமல் என்னைப் பார்த்துப் பேசினாய்.

"பின்னால அந்த அரிசி மூட்டை போடுற ரூமு சும்மாதானே கிடக்கு. ஆறு மாசம் போதும் பாப்பா. அதுக்குள்ள சபாக்லயே இடம் கிடைச்சிரும்னு சொல்றாங்க. உனக்குத் தொந்தரவு இல்லாம இருந்துக்குவேன்."

"சாமி படம் வச்சிக் கும்பிடுவ. வானத்து மலக்குகள் நுழையாத வீடா போயிரும்."

"படம் கொண்டு வரல. விளக்கும் ஏத்தல. மனசுக்குள்ள இருக்கிறத எட்டிப் பார்க்கவா போற?"

மாமி குறுக்கே வந்தார். "தாராளமா இரும்மா. நான் ரூமை ஒழிச்சுத் தாறேன்."

நான் மாமியைப் பேச விடவில்லை. இத்தனை வருடம் மனதில் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன்: "கலிமா சொல்லி மார்க்கத்துல சேர்ந்துட்டு வா. ரூமு நாளைக்கே ரெடி. இல்லன்னா வேணாம்."

"மார்க்கத்துல நிர்ப்பந்தம் கிடையாது புள்ள!" என்று மாமி சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். என் கணவர் எழுந்து கடைப்பக்கம் போய்விட்டார். "உன் அக்கா, நீயே முடிவு பண்ணிக்க" என்பதுதான் எப்போதும் அவர் பேச்சு.

அழுவாய் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் ஒருவேளை நான் விட்டுக்கொடுத்திருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். நீ சிரித்தாய்.

"அந்த ரூமுக்கு வாடகை ரொம்ப அதிகம்லா" என்றாய். மாமியைப் பார்த்து, "வரேங்கம்மா" என்று கைகூப்பிவிட்டு எழுந்தாய். போகும்போது கேட்டருகே நின்று பைக்குள்ளிருந்த பொட்டலத்தைப் பிரித்து, எங்கள் வாசலிலேயே நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ வரவில்லை.

பதினோரு மாதம் இரண்டு பஸ்ஸில் வந்து போனாய். என் வீட்டைத் தாண்டித்தான் நிலையத்துக்கு நடப்பாய். ஒரு நாள்கூடத் தலையைத் திருப்பவில்லை. மழைக்காலத்தில் சாலை முழுகி இரண்டு முறை உன்னால் வர முடியாமல் போயிற்று. அடுத்த முறை வந்து, முடித்துவிட்டுத் திரும்பும் வழியில், செகிஞ்சான் தாண்டி, வயல் ஓரமாகப் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலேயே உட்கார்ந்தபடி போய்விட்டாய்.

பஸ் ஓட்டுநர் ஒரு மலாய்க்காரர். நடுத்தர வயது. உன் தொலைபேசியில் ஆங்கில எழுத்தில் 'பாப்பா' என்று இருந்த எண்ணைப் பார்த்து, அது வயதான உன் அப்பா என்று நினைத்துத் தயங்கித்தான் அழைத்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது பஸ் சாலையோரம் நின்றிருந்தது. பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தன் தொழுகைக் கைலியை உன்மேல் போர்த்தி, எதிர்ச் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார். இந்த அக்கா எப்போதும் என் பஸ்ஸில்தான் வருவார், அவருக்காக முன் சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டேன், இன்று தூங்குகிறார் என்று நினைத்துவிட்டேன் என்று மலாயில் சொன்னார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு என் முக்காட்டையும் உன் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இவருக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஆம்புலன்ஸ் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்தப் பஸ்ஸில் இருந்தோம். அக்கா என்று அழைத்து உன்னருகில் உட்கார்ந்திருந்தது அவர்தான். நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

உன் சாவு வீட்டுக்கும் வந்தேன். வந்தேன் என்றால் லயத்துக்கு வெளியே, கார் பக்கத்தில் நின்றேன். உள்ளே சடங்கு நடக்கும், நான் கலந்துகொள்ளக்கூடாது என்று மாமியிடம் சொன்னேன். "சடங்குல சேர வேணாம். செத்தவ பக்கத்துல உட்காரக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு, முட்டி வலியோடு நொண்டிக்கொண்டே அவர் உள்ளே போனார். ஒரு யூதரின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனபோது எங்கள் நபி ரசூலுல்லா எழுந்து நின்றார்களாம். அது யூதராயிற்றே என்று கூட இருந்தவர்கள் சொன்னதற்கு, அதுவும் ஓர் உயிர்தானே என்றார்களாம். கார் கதவைப் பிடித்தபடி மாமி இதைச் சொல்லிவிட்டுத்தான் போனார். வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அழுகிற பெண்களுக்கு நடுவில் வெள்ளை முக்காட்டோடு மாமி உட்கார்ந்து உன் காலைப் பிடித்திருந்தார். வீங்கிய அந்தக் காலை. உன் பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்து, காரோரம் நின்ற என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "வெயில்ல நிக்காதீங்கம்மா, நிழலுக்கு வாங்க" என்றாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அதன் பிறகு மாமி என்னோடு தேவைக்கு மட்டும்தான் பேசினார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், தாங்க முடியாமல் நானே கேட்டேன். "மாமி, அக்காவுக்காகப் பிழைபொறுக்க துஆ கேட்கலாமா?"

குரானை மூடி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"மார்க்கத்துக்கு வெளிய மவுத்தாப் போனவங்களுக்குப் பிழைபொறுக்கக் கேட்கக் கூடாதுன்னுதான் ஆலிம்சாக்கள் சொல்றாங்க. அவளுக்கு என்னான்னு அல்லா பார்த்துக்குவான், அது நம்ம வேல இல்ல. உனக்குன்னா கேளு. ஆனா ஒன்னு. தொழுகைய விட்டேன், நோன்ப விட்டேன்னு அழுதா அல்லா மன்னிச்சிருவான். ஒரு மனுசிக்குச் செஞ்ச அநியாயத்த அந்த மனுசிதான் மன்னிக்கணும். அவகிட்டக் கேட்டியா?"

"அவ இல்லையே மாமி."

"நம்மள நம்பி நம்ம பக்கத்துல வாழுற வேற மார்க்கத்தாருக்கு நம்ம ஆளு எவனாச்சும் அநியாயம் செஞ்சா, மறுமையில அவங்களுக்காக நானே வாதாடுவேன்னு சொல்லியிருக்காங்க ரசூலுல்லா. உனக்காக இல்ல. அவளுக்காக."

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

நான் அதை அட்சரம் பிசகாமல் நம்புகிறேன், அக்கா. நம்பாமல் இருந்தால் சுகமாக இருந்திருக்கும். ஐந்து வேளையும் எந்த நபி மீது ஸலவாத் சொல்கிறேனோ அவர்கள் அன்றைக்கு உன் பக்கத்தில் வந்து நிற்பார்கள். உன் வாய்க்கு வாதாட ஆள் எதற்கு? ஆனாலும் நிற்பார்கள். எதிரே நான் நிற்பேன். என் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இவளுக்கு நீ யார் என்று என்னைக் கேட்பார்கள்.

அந்த மறுமை நாளுக்குப் பயப்படுகிறேன். ஆனால் உன்னை இனி நான் பார்ப்பதென்றால் அன்றைக்குத்தான். அதனால், அது சீக்கிரம் வந்துவிடாதா என்றும் இருக்கிறது.