ஒரே தூண், நான்கு படங்கள்

பெப்ரவரி 11, புதன். ஓல்டன்.

இன்னும் கோபம் அடங்கவில்லை.

கடைத்தொகுதியின் நிலக்கீழ் கார் தரிப்பிடத்தில் நான்கு தூண்களின் அடி பழுது. பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு கார்ச் சில்லுகளோடு உள்ளே வந்து, கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்துவிட்டது. முதல் தூணின் அடியை இரண்டு நாளாக உடைத்து, கம்பி பளபளக்கும்வரை துருவை எடுத்தேன். திரும்பக் கொங்கிறீற்றுப் பூசுமுன் ஒவ்வொரு தூணின் கம்பியையும் படமெடுத்துப் பொறியியலாளருக்கு அனுப்பவேண்டும். அதுதான் முறை.

காலையில் போர்மன் ரவி அண்ணை வந்தார். வெளிச்சம் காணாது, டோர்ச்சைப் பிடி என்றார். பிடித்தேன். அந்த ஒரு தூணையே நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி எடுத்தார்.

"மற்ற மூண்டும் இன்னும் உடைக்கேல்லையே, அண்ணை?"

"அதுகளுக்கு மேலால பூசிவிடு. வெள்ளிக்கிழமை திறக்கவேணும்."

"உள்ளுக்க துரு அப்பிடியே கிடக்குமே. பேந்து வெடிக்காதோ?"

"அது எத்தினையோ வருசத்துக்குப் பிறகு. நீ உன்ர வேலையைப் பார்."

பார்த்தேன். மூன்றையும் பூசினேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் சிரித்துக்கொண்டே போனை நீட்டினார். படங்கள் நான்கும் நான்கு தூண்களின் பெயரில் போயிருந்தன. மிகவும் சுத்தமான வேலை என்று பொறியியலாளர் பதில் எழுதியிருந்தார். என் இரண்டு நாள் வேலையைக் காட்டித்தான் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார்.

ரவி அண்ணை ஒரு படத்திலும் இல்லை. நான்கிலும் டோர்ச் பிடித்த என் கை இருக்கிறது.