பாட்டின் கீழ்ப்பாதி

பிப்ரவரி 9

என் மேல்குரல் அண்ணிக்கு,

கீழ்க்குரல் எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் "ம், இருக்கேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மிச்சக் காகிதத்தைக் காலியாக அனுப்புவீர்கள். அதனால் அப்படிக் கேட்கப்போவதில்லை. கால் வீக்கம் வடிந்ததா? மாடிக் குழாய் சொட்டுவது நின்றதா? இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

எனக்கு மாற்றல் உத்தரவு இன்னும் வரவில்லை. "அடுத்த மாசம் கண்டிப்பா வந்துரும்மா" என்று மேலாளர் அதே முகத்தோடு சொல்கிறார். இரண்டு வருஷம் என்று சொல்லி அனுப்பினார்கள், ஒன்பது ஓடிவிட்டது. கொண்டுவந்த இரும்புப் பெட்டியில் பாதியை நான் இன்னும் பிரிக்கவே இல்லை. பிரித்தால் இங்கேயே இருந்துவிடு என்று ஆகிவிடுமோ என ஒரு பயம். சிரிக்காதீர்கள்.

போன வாரம் ஒரு கூத்து. ஒரு பெரியவரை எக்ஸ்ரே பலகையில் நெஞ்சை ஒட்டி நிறுத்தி, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்றேன். படம் எடுத்த கையோடு போன் அடித்தது, ஓடிவிட்டேன். "இப்ப விடலாம்" என்று சொல்ல மறந்தே போனேன். திரும்பி வந்து பார்த்தால் மனிதர் முகம் சிவந்து, கண் பிதுங்கி, அப்படியே நிற்கிறார்! "நீங்க விடச் சொல்லலையேம்மா" என்கிறார். இரண்டு நாள் எங்கள் ஆஸ்பத்திரி முழுக்க இதே பேச்சு.

ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டிருந்தீர்களே. அது ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டது, இருந்தாலும் சொல்கிறேன். இந்தச் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் நம் விசுவாசத்தில் வேறு யாரும் இல்லை. கிட்டத்துச் சபைக்கே ஒரு நாள் ரயில் பயணம். அதனால் காலையில் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, வேதம் வாசித்து, ஜெபம் பண்ணி, கடைசியில் அண்ணன் மெட்டுப் போட்ட நம் வீட்டுப் பாட்டைப் பாடுவேன். சபையில் எத்தனை தடவை கேட்டும் அண்ணன் அதைக் கொடுக்கவில்லையே! "இது வீட்டுக்கு" என்று முடித்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலங்கள் நினைவிருக்கிறதா? முன்னறையில் அண்ணன் ஆர்மோனியத்தோடு உட்கார, ஒரே பாட்டை நீங்கள் மேல்குரலிலும் நான் கீழ்க்குரலிலும் சேர்ந்து பாடுவோம். நீங்கள் எடுக்கும் குரலுக்கு அண்ணன் வைத்த பெயர் சைரன். நான் பாதியில் என் வரியை விட்டுவிட்டு உங்களோடு ஒட்டிக்கொண்டு மேலே போய்விடுவேன் என்பதால் எனக்கு ஒட்டுப்புல். "அவ குரல் விழாம ஒரு காதைப் பொத்திக்கோடி ஒட்டுப்புல்லு!" என்று கத்திக்கொண்டே காலால் இரண்டு தட்டுத் தட்டுவாரே, அடுத்த அடி எடுக்கச் சொல்லி. அந்தச் சத்தத்துக்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அண்ணி, அந்தப் பாட்டில் என் பாதி மட்டும்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. தனியாகக் கீழ்க்குரலையே பாடிப் பாடி உங்கள் மேல்குரல் என் நினைவில் தேய்ந்து போய்விட்டது. எடுத்துப் பார்க்கிறேன், இரண்டு வரியில் வழுக்கிக் கீழே வந்துவிடுகிறேன். உங்களைத் தவிர அது யாருக்கும் தெரியாது. ஒரு கேசட்டில் பாடி அனுப்புவீர்களா? ஒரே ஒரு தடவை போதும்.

அன்புடன்,
ஒட்டுப்புல்

---

மார்ச் 2

அன்புள்ள குட்டிக்கு,

கால் வீக்கம் வடிந்தது. குழாய் சொட்டுகிறது.

மேற்கொண்டு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ கேசட் கேட்டுவிட்டாய். உன் அண்ணன் போனதிலிருந்து நான் சபைக்குப் போகவில்லை. எதிர்ச்சாரியில்தான் சபை இருக்கிறது, இருபது அடி எடுத்து வைத்தால் வாசல். ஞாயிறு காலையில் அங்கே பாட்டு ஆரம்பித்ததும் நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன். போதகர் வந்தார், அவர் மனைவி வந்தார். இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினேன். எனக்குக் கடவுள் மேல் கோபமா என்று கேட்டார்கள். கோபம் கூட இல்லை. ஒன்றுமே இல்லை. ஆர்மோனியத்தின் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிகளைக் குவித்து வைத்திருக்கிறேன்.

பாட என்னால் முடியாது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. என்னைத் தொந்தரவு செய்யாதே.

உன்னையும் ஒன்று கேட்கிறேன். பாதிப் பாட்டை ஒன்பது வருஷமாகச் சுவருக்குப் பாடிக்கொண்டிருக்கிறாயே, யார் கேட்டார்கள்? உன் மாற்றலாவது வந்ததா? நீயும் விட்டுவிடு.

அண்ணி

---

மார்ச் 20

அண்ணி,

விட்டுவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. நான் வெளியே சொல்லாமல் வைத்திருந்ததைத்தான் நீங்கள் பளிச்சென்று எழுதிவிட்டீர்கள். நான் செய்வது ஆராதனையா, வெறும் பழக்கமா என்று எனக்கே பல நாள் சந்தேகம். போன இரண்டு ஞாயிறும் நாற்காலியைத் திருப்பவில்லை. துணி துவைத்தேன். அலமாரியைத் துடைத்தேன். பத்து மணிக்கே எல்லா வேலையும் முடிந்துவிட்டது. ஞாயிறு இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அழுதேன் என்று எழுதக்கூடாது என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

குழாய்க்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

உங்கள்
குட்டி

---

ஏப்ரல் 17

என் சைரன் அண்ணிக்கு,

பதில் போடவில்லை. பரவாயில்லை, என் வாய் சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு விஷயம் நடந்திருக்கிறது, சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

என் அறைக்குப் பக்கத்து அறையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து அக்கா இருக்கிறார். குழாயடியில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். ஞாயிறு காலையில் டாக்டர்களின் கோட்டுகளை வீட்டில் வைத்து இஸ்திரி போடுவார் போலிருக்கிறது. போன ஞாயிறு கதவைத் தட்டினார்.

"எக்ஸ்ரேம்மா, உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தானே இருக்கேன்."

"அப்ப ஏன் பாட்டைக் காணோம்? நீங்க பாட ஆரம்பிச்சாத்தான் எனக்குக் கை ஓடும். ஒரு கோட்டுல காலரைத் தீச்சுட்டேன், தெரியுமா?"

"எந்தப் பாட்டுக்கா?" என்று அசடு போலக் கேட்டேன்.

"அதான், ஏறப் போற மாதிரி போயி, ஏறாமலே எறங்கிடுமே, அது" என்று சொல்லி, வாசலில் நின்றபடியே முனகிக் காட்டினார். அண்ணி, நம் பாட்டு! என் கீழ்க்குரல், ஒரு இடம் பிசகாமல்! நான் மூச்சு வாங்கும் இடத்தில் அவரும் வாங்குகிறார்.

சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். அவர் பயந்துபோய் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். "இது பாட்டோட கீழ்ப்பாதிதான்கா. இதுக்கு மேல ஒரு பாதி இருக்கு" என்றேன்.

"அட! அது யாருகிட்ட இருக்கு?"

"எங்க அண்ணிகிட்ட."

"வாங்கிக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"ரெண்டாந்தரம் கேட்டீங்களா?"

அண்ணி, இது ரெண்டாந்தரம்.

இத்தனை வருஷமும் கர்த்தர் கேட்கிறார் என்று வாய் சொல்லும், மனசு மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இஸ்திரிப் பெட்டியோடு நின்று முழுசாகப் பாடம் பண்ணியிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. யார் கேட்டார்கள் என்றீர்களே, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. மாற்றல் எப்போது வருகிறதோ வரட்டும். இரும்புப் பெட்டியை நேற்று முழுசாகப் பிரித்துவிட்டேன். அம்மாவின் இரண்டு பீங்கான் கோப்பைகள் காகிதம் சுற்றியபடியே இருந்தன. இனி ஞாயிறு காப்பிக்கு இரண்டு கோப்பை வேண்டும், அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நம் ஜெபமெல்லாம் தெரியாது, பாட்டுக்குத்தான் வருகிறார். வரட்டுமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேளுங்கள். அண்ணனை அடக்கம் பண்ணின அன்று நீங்கள் அழவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தீர்கள், நாற்காலி எண்ணி அடுக்கினீர்கள், என் ரயிலுக்கு நேரமாகிறது என்று என்னைத் துரத்தினீர்கள். நானும் கிளம்பி வந்துவிட்டேன். உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது அந்தப் பெரியவர்தான் கண்முன்னால் வந்தார். அன்றைக்கு இழுத்துப் பிடித்த மூச்சை நீங்கள் இன்னும் விடவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியவர்கள் மறந்துவிட்டோம்.

நான் சொல்கிறேன் அண்ணி. இப்ப விடலாம்.

உங்கள்
ஒட்டுப்புல்

---

மே 6

என் ஒட்டுப்புல்லுக்கு,

குழாய்க்கு ஆள் வந்துபோனார். நின்றுவிட்டது.

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். கடைசி வரி வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவரும் அளவுக்கு அழுதிருக்கிறேன். அவளுக்குக் காப்பி கொடுக்கவில்லை. அவள்தான் எனக்குப் போட்டுக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஆர்மோனியத்தின் மேலிருந்த துணிகளை எடுத்தேன். வாசிக்கத் தெரியாது, சுருதிக்கு ஒரு கட்டையை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கேசட் இதோடு இருக்கிறது. சைரன் என்று எதிர்பார்க்காதே, குரல் கரகரவென்றுதான் இருக்கும். இரண்டாம் அடியில் நின்றுவிட்டு மறுபடி எடுத்திருக்கிறேன், அழிக்க மனசு வரவில்லை. மூன்றாம் அடிக்கு முன்னால் காலால் இரண்டு தட்டுக் கேட்கும். தட்டியது நான்தான். அது இல்லாமல் எனக்கு அடுத்த அடி எடுக்க வரவில்லை.

எதிரே சபைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். போகவில்லை. போன ஞாயிறு ஜன்னலைச் சாத்தவில்லை, அவ்வளவுதான். இனி ஞாயிறு எட்டு மணிக்கு நான் இங்கே நம் பாட்டை எடுக்கிறேன். நீயும் அதே நேரத்துக்குக் கேசட்டைப் போடு. கீழ்ப்பாதியை அந்த அக்காவிடம் கொடு. பிசகாமல் பாடுகிறார் என்றாயே, அவர் பார்த்துக்கொள்வார்.

இந்த ஒரு தடவை நீ காதைப் பொத்திக்கொள்ளாதே.

உன்
சைரன்