கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் ஒன்றும் காயவில்லை. ஈரச் சட்டையோடு பள்ளிகொண்டாவில் பஸ் ஏறினேன். ஆம்பூர் போவதற்குள் உடம்புச் சூட்டில் காய்ந்துவிட்டது. நாற்றம் மட்டும் மாலை வரை கூடவே இருந்தது.

லேப்டாப்பைத் திறந்தால் மறுபடி அதே அறிவிப்பு. இந்த விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு கிடையாதாம், அடுத்ததற்கு மாற வேண்டுமாம். சரி, மாறித் தொலைக்கிறேன் என்று அழுத்தினால், இந்த மெஷின் பழசு, அடுத்தது இதில் ஏறாது என்கிறது. கண் டாக்டர் எனக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான்.

அதை இதுவரை எங்கும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். பக்கப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. நடுவில் கொஞ்சம் பாக்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல. அதுவும் மெல்லச் சுருங்கும். எத்தனை வருடம் தாங்கும், தெரியாது. மருந்து இல்லை. "பார்வை இருக்கும்போதே கம்ப்யூட்டரைக் காதால கத்துக்குங்க. போன பிறகு கத்துக்கறது ரொம்பக் கஷ்டம்" என்றார்.

ஷூ கம்பெனியில் என் வேலையே பார்ப்பதுதான். எந்த ஆர்டருக்கு எந்தத் தோல், உள்ளே வைத்துத் தைக்க எந்த லைனிங், எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை. எல்லாம் என் சொந்த லேப்டாப்பில். கண் விஷயம் அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது? பயமாகத்தான் இருக்கிறது.

தடித்த கறுப்புப் பேனா தீர்ந்துவருகிறது. வாங்க வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

லீவு. மெர்சியோடு வேலூர். அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு டியூட்டி, எனக்குப் பயிற்சி. சொல்லித்தரும் அம்மாவுக்கு என் மேல் பரிதாபமே கிடையாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

திரையில் இருப்பதை மெஷினே வாய்விட்டுப் படிக்கும். அதற்கு எந்த லேப்டாப் என்பதுதான் கேள்வி. ஒன்று, புது விண்டோஸ் லேப்டாப் வாங்கி, படிக்கும் சாஃப்ட்வேரை இலவசமாக ஏற்றிக்கொள்வது. இல்லையென்றால் மேக். படிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, தமிழ்க் குரலும் உண்டு, ஆனால் விசைகள் எல்லாம் வேறு, முதலிலிருந்து கற்க வேண்டும். பழைய பெட்டியிலேயே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டும் பார்க்கலாம்.

"எது நல்லது மேடம்?"

"உங்க காதுக்கு எது ஒத்து வருதோ அது. கடைக்குப் போய் பாத்து வாங்காதீங்க. கேட்டு வாங்குங்க."

மாலையில் மைத்துனன் டேவிட், மெர்சியின் தம்பி, சென்னையிலிருந்து போன். "மாமா, எதுக்கு தண்டச் செலவு? லினக்ஸ் போடுங்க, ஃப்ரீ." டேவிட் சொல்லும் எல்லாமே ஃப்ரீ. ராத்திரி பகல் மண்டையை உடைத்துக்கொள்வது மட்டும் நம் பொறுப்பு. இருந்தாலும் சனிக்கிழமை கடைக்குப் போவதற்குள் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். போடப் போவதில்லை. அசதி.

நவம்பர் 5, புதன்

வெயில். பாலாற்றில் தண்ணீர் போகிறதாம். பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்தது முன் சீட்டுக்காரரின் பின்னந்தலை.

ஸ்டோரில் ரேக் முனையில் தோளை இடித்துக்கொண்டேன். இந்த வாரத்தில் இரண்டாவது தடவை. தையல் ஹால் சூப்பர்வைசர் இம்ரான் பாய் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"நம்ம சார் இப்போ ரொம்பப் பெரிய ஆளாய்ட்டாரு. பக்கத்துல நின்னு சலாம் சொல்றேன், திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்றாரு."

பக்கத்தில் நின்றால்தான் தெரிவதில்லை பாய், எதிரில் வந்து நில்லுங்கள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திமிர் பிடித்தவன் என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், வேலை இருக்கும்.

மதியம் பிரியாணி. யாருக்கோ பேரன் பிறந்திருக்கிறான்.

நவம்பர் 6, வியாழன்

இரவு டியூட்டி மெர்சிக்கு. வீட்டில் நானும் லேப்டாப்பும். படிக்கும் சாஃப்ட்வேரை இப்போதைக்குப் பழைய விண்டோஸிலேயே ஏற்றியாயிற்று. பைபிளில் ஒரு சங்கீதம் படிக்கச் சொன்னேன். தமிழை அழகாகத்தான் படிக்கிறது, கொஞ்சம் அவசரப்படுகிறது. செய்தி படித்தது. மின் கட்டண அறிவிப்பு படித்தது. தைரியம் வந்தது.

வாட்ஸ்அப்பைத் திறந்தேன். போச்சு.

நாங்கள் யாரும் தமிழைத் தமிழ் எழுத்தில் எழுதுவதில்லை. கம்பெனி குரூப் முழுக்க ஆங்கில எழுத்தில் தமிழ். மெஷின் அதை ஆங்கிலம் என்று நினைத்து, துரை வீட்டுப் பிள்ளை மாதிரி படிக்கிறது. "சாப்டிங் காலா" என்றது. என்ன காலா என்று குழம்பித் திரையைப் பார்த்தால், மெர்சி டியூட்டியிலிருந்து சாப்பிட்டீங்களா என்று கேட்டிருக்கிறாள். சிரித்தேன். கல்யாணமான நாள் முதல் அவள் அனுப்பும் அத்தனை செய்தியும் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

சாப்பிட்டேன் என்று பதில் போட்டுவிட்டுப் பிறகுதான் சாப்பிட்டேன்.

நவம்பர் 8, சனி

வேலூரில் பெரிய கடை. ஏசி அதிகம். வெள்ளை வெளிச்சம், கண் கூசிற்று. விற்பனைப் பையன் ஒரு மேக்கைத் திறந்து வைத்து அரை மணி நேரம் திரையைப் பற்றியே பேசினான். நிறம் அப்படி, துல்லியம் இப்படி. கடைசியில், "சார், இதை நீங்க கண்ண மூடிக்கினு வாங்கலாம் சார்."

மெர்சி சொன்னாள்: "அதான் தம்பி, அவர் கண்ண மூடிக்குவாரு. நீங்க அதைப் பேச வைங்க."

பையன் விழித்திருப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குரல் வந்தது. தமிழ் எழுத்தில் இருந்ததை நிறுத்தி நிதானமாக, ழகரத்தைக்கூட ழகரமாகப் படித்தது. அதைக் காதில் வாங்கிக்கொண்டு விசைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ ஒரு அம்மா பையனிடம் மெல்லக் கேட்டாள்: "இன்னாப்பா, ஜெபம் பண்றாரா?" மெர்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்.

பென் டிரைவில் கொண்டுபோன காஸ்டிங் ஷீட், ஒரு ஜோடிக்கு என்ன செலவு என்ற கணக்கு, திறந்தது. தட்டினால் தானே கணக்குப் போட அதில் நான் அமைத்திருந்த பட்டன் வேலை செய்யவில்லை. பரவாயில்லை, கணக்கு தலையில் இருக்கிறது. பக்கத்திலேயே புது விண்டோஸ் லேப்டாப்பையும் பேசவைத்துக் கேட்டேன். பட்டன் வேலை செய்தது, பழகிய விசைகள், விலையும் கம்மி. ஆனால் ஏதாவது கோளாறு என்றால் படிக்கும் சாஃப்ட்வேரை நானே திரும்ப ஏற்ற வேண்டும். அப்போது கண் இருக்குமா? மேக்கில் பெட்டியைப் பிரித்ததும் ஒரு விசையைத் தட்டினால் அதுவே பேசுகிறது. யார் துணையும் வேண்டாம்.

விலையைக் கேட்டதும் மெர்சி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்தோம். டீ. வடை சரியில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து போதகர் ஐயர் கை நீட்டியிருக்கிறார். நான் அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன். வீட்டுக்கு வந்து மெர்சி சொன்னாள். "இன்னும் எத்தனை நாளைக்குங்க மறைப்பீங்க? கம்பெனியில சொல்லிடுங்க." ஆர்டர் சீசன் போகட்டும் என்றேன். அவள் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

அவள் அழுது நான் பார்த்ததில்லை. வார்டில் எத்தனையோ பார்த்தவள். டாக்டர் சொன்ன அன்றுகூட ஆட்டோ பிடித்து, காய் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள்.

நவம்பர் 10, திங்கள்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

பயிற்சி அம்மா வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்: ஒரு மணி நேரம் திரையை அணைத்துவிட்டு, காதை மட்டும் நம்பி வேலை செய்ய வேண்டும். வீட்டில் செய்யச் சொன்னதை நான் ஆபீஸில் செய்தேன். யாருக்கும் தெரியாமல் முடித்துக் காட்டிவிட்டால், கண் போனாலும் இந்த நாற்காலி எனக்குத்தான் என்று ஒரு நப்பாசை.

இயர்போன். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல். இம்ரான் பாயிடமிருந்து செய்தி. மெஷின் படித்தது என் காதில் இப்படி விழுந்தது: "லைனிங் கமிங் சார், லைன் ஸ்டார்ட்." அதற்குப் பிறகு ஏதோ ஒரு குழறல். லைனிங் வந்துகொண்டிருக்கிறது, தையல் லைனை ஆரம்பிக்கலாமா என்கிறார். நல்லது. ஆரம்பியுங்கள் என்று அடித்துவிட்டேன்.

அவர் எழுதியது கமிங் இல்லை. கம்மி.

லைனிங் கம்மி சார், லைன் ஸ்டார்ட் பண்ணலாமா. போதாது என்று சொல்லியிருக்கிறார். நான் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். மதியத்துக்குள் லைனிங் தீர்ந்து, மேல்பாகம் மட்டும் தைத்த ஜோடிகள் மலையாகக் குவிந்து, லைன் நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இம்ரான் பாய் என் மேஜைக்கு வந்து நின்றார். இந்தத் தடவை நேர் எதிரில்.

"இன்னா சார் இது? கம்மின்னு கிளியரா போட்டேன். நீங்க ஸ்டார்ட்டுன்றீங்க. மேனேஜர் என்னைப் புடிச்சு ஏறுறாரு. பேஜாராய்டுச்சி சார்."

"கவனிக்கல பாய்" என்றேன்.

"நீங்க இப்போ எதைத்தான் கவனிக்கிறீங்க?"

திட்டு முழுவதும் அவருக்குப் போயிருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

டீ நேரம். இம்ரான் பாயைக் கேன்டீனுக்குப் பின்னால் கூப்பிட்டுப் போய்ச் சொல்லிவிட்டேன். கண், டாக்டர், காது, கமிங், கம்மி, எல்லாம். உளறிக் கொட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் முகம் எப்படி ஆனதென்று தெரியவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். "யா அல்லா" என்றார். பிறகு, "நான் உங்களைப் பத்தி இன்னான்னமோ பேசிட்டேன் சார்."

"கேட்டுச்சு பாய்."

"கேட்டுச்சா?" அவருக்குச் சங்கடம். எனக்கும். டீ ஆறிப்போனது.

"இனிமே குரூப்ல தமிழ் எழுத்துல போடுங்க பாய். அதை அது ஒழுங்காப் படிக்குது."

அதற்கு அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. "நமக்கு தமிழ் எழுத வராது சார். உருது ஸ்கூல்ல படிச்சேன். பேசத்தான் வரும். அதான் இங்கிலீஷ் எழுத்து." இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறோம், எனக்கு அது தெரியாது. அவருக்கு என் கண் தெரியாத மாதிரி.

லேப்டாப் எதை வாங்கினாலும் இந்தக் கம்மி கம்மியாக வராது. எழுதுகிறவர் மாற வேண்டும், அல்லது பேச வேண்டும். தையல் ஹாலிலிருந்து இனி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதாகச் சொன்னார், மெஷின் சத்தம் இல்லாத ஸ்டோருக்குள் போய். சரி.

"மேனேஜருக்கு யார் சொல்றது?" என்றேன்.

"நீங்கதான் சார். நான் கூட வர்றேன்."

நவம்பர் 13, வியாழன்

மழை. மின்சாரம் போய் வந்தது.

மேனேஜரிடம் சொல்லியாயிற்று. தப்பு என்னுடையது, இம்ரான் பாயுடையது இல்லை என்பதை முதலில் சொன்னேன். இம்ரான் பாய் கதவருகில் நின்றார். மேனேஜர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து, எனக்கு உட்கார நாற்காலி இழுத்துப் போட்டார். இதுவரை போட்டதில்லை. அதன் நுனியில் உட்கார்ந்தேன்.

"ஒடம்பப் பாத்துக்குங்க. இந்த சீசன் போகட்டும். அதுவரைக்கும் பாப்போம்."

பாப்போம். அந்த ஒரு சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். அனுப்பவில்லை. வைத்துக்கொள்வேன் என்றும் சொல்லவில்லை. சீசன் வரை வேலை இருக்கிறது, அவ்வளவுதான் கையில்.

மெர்சியிடம் சொன்னேன். "சரி, அந்த மேக்கையே வாங்கிடுங்க" என்றாள். காய் நறுக்கிக்கொண்டே. விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. டேவிட்டுக்கு நாளை சொல்லலாம்.

நவம்பர் 15, சனி

வாங்கியாயிற்று. பேருக்குக்கூடத் திரையைப் பார்க்கவில்லை. விசையைத் தட்டினேன், பேசியது. மொழி, வைஃபை, பெயர், எல்லாம் காதாலேயே. நடுவில் இரண்டு முறை எங்கேயோ மாட்டிக்கொண்டு திரும்ப முதலிலிருந்து. முதுகு வலி. காப்பி. விண்டோஸ் பழக்கத்தில் விரல் வேறு விசைக்கே ஓடுகிறது.

மாலை ஆகிவிட்டது வாட்ஸ்அப் இணைக்க. கம்பெனி குரூப்பில் இரண்டு பேர் தமிழ் எழுத்தில் போட்டிருந்தார்கள், ஒற்றுப்பிழையோடு. அதையும் அப்படியே படித்தது. இம்ரான் பாய் வாய்ஸ்: "லைனிங் வந்துட்ச்சி சார். வந்துட்ச்சி. எத்தனை வாட்டி வேணா கேட்டுக்குங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த செய்தி, மெர்சி என்றது. எப்போது அனுப்பினாள்? அடுப்படியில்தான் இருக்கிறாள், குக்கர் சத்தம் கேட்கிறது. போனில் தமிழ் எழுத்தை எப்படிக் கொண்டுவந்தாள், யார் சொல்லிக்கொடுத்தார்கள், தெரியவில்லை. என்னிடம் கேட்கவில்லை.

யாரோ ஒரு பெண்ணின் குரல், எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ஒரு சொல்லும் பிசகாமல் படித்தது:

"எனக்கு ரொம்ப பயமா இருக்குங்க. நேர்ல சொல்ல வரல."