பிடரியில் ஈரம்

மார்ச் 2

தையல்கடைக்காரருக்கு,

துரையின் நலம் அறிய மட்டுமே இந்தக் கடிதம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது, எழுதியே தொலைப்போம் என்று சொன்னது நீங்கள்தான். எழுதுகிறேன்.

நான் வந்து தங்கியிருக்கும் அக்கா வீட்டில் பையனுக்கு ஆஸ்துமா, பூனை முடி ஆகாது. வேறு வழி இருந்திருந்தால் சர்க்கரை நோயாளிப் பூனையை உங்களிடம் விட்டு வந்திருக்க மாட்டேன்.

அவனுக்கு உடம்பில் தண்ணீர் குறையவே கூடாது. கிண்ணம் அகலமாக இருக்கட்டும். மீசை விளிம்பில் இடித்தால் துரை முகத்தைத் திருப்பிக்கொள்வார். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். கடையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. காலையும் மாலையும் கழுவி மாற்றுங்கள். டப்பா உணவில் இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணீர் கலந்து கொடுங்கள். தினமும் தோள்பட்டைத் தோலைத் தூக்கி விட்டுப் பாருங்கள். சட்டென்று படிய வேண்டும். ஈறு வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். இரண்டு வேளையும் சாப்பிட்டவுடன் இன்சுலின். எவ்வளவு குடிக்கிறான் என்று அளந்து எழுதுங்கள்.

துரையின் அம்மா

மார்ச் 14

கோபக்காரிக்கு,

உன் பிள்ளை சௌக்கியம். தண்ணீர் குறையக் கூடாது என்றாயே, ஊற்றி மாளவில்லை எனக்கு! கால் லிட்டர் கிண்ணத்தில் அளந்துதான் வைக்கிறேன். நேற்று மட்டும் இரண்டரைக் கிண்ணம் காலி. அதுவும் போதாமல் குளியலறை பக்கெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் சிறுநீர் போகிற மண் தட்டை ஒரு நாளைக்கு நான்கு தடவை மாற்றுகிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்கிறேன்: "வீட்டம்மா இருந்தப்பகூட இவ்வளவு குடிச்சதில்லைங்க!" தொப்பையும் கரைந்துவிட்டது. டேப் வைத்துப் பார்த்தேன், இடுப்பில் இரண்டு அங்குலம் குறைவு. துரை இப்போது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார்.

ஊசியைப் பற்றிக் கவலையே வேண்டாம். முப்பது வருடமாக ஊசி பிடிக்கிற கை. பிடரித் தோலை மடித்துப் பிடித்து, ஓட்டுத்தையல் போடுகிற மாதிரி சரக்கென்று ஒரே குத்து. அவனுக்கு வலிப்பதே இல்லை. பிடரி முடி மட்டும் கொஞ்சம் ஈரமாகிறது, நக்கியிருப்பான்.

என்னால் எதுவும் முடியாது என்பாயே, இப்போது என்ன சொல்கிறாய்?

துரையின் அப்பா

மார்ச் 16

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

வாசலில் நின்றபடியே படித்தேன். அங்கேயே நின்று எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும். எந்தப் பூனையால் தன் பிடரியைத் தானே நக்க முடியும்? அது இன்சுலின்! ஊசி மடிப்பைத் துளைத்து அந்தப் பக்கம் வந்துவிடுகிறது. பன்னிரண்டு நாளாக மருந்தை முடியில் ஊற்றியிருக்கிறீர்கள்.

அவன் தாகத்தில் தவித்துக் குடிக்கிறான். சர்க்கரை ஏறி, குடித்ததெல்லாம் சிறுநீராகப் போய், உள்ளே காய்ந்துகொண்டிருக்கிறான். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டீர்களா?

உங்களுக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று இன்றுதான் தெரிந்தது. அதற்கு அழக்கூட நேரமில்லை. டாக்டரிடம் பேசிவிட்டேன், காத்திருக்கிறார். இந்தக் கடிதத்தோடு அத்தான் வண்டியில் வருகிறார். விட்ட மருந்தையெல்லாம் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. தண்ணீர்க் கிண்ணத்தையும் எடுத்துவிடாதீர்கள். கூடையில் வைத்து உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.

நானே வந்திருப்பேன். இனி அந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாய் தடுக்கிறது.

மார்ச் 18

உனக்கு,

டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உயிர் இருக்கிறது. சர்க்கரை பார்க்கிற கருவியில் எண்ணே வரவில்லை, அவ்வளவு அதிகமாம். டாக்டர் தோலைத் தூக்கி விட்டார்; இஸ்திரி போட்ட மடிப்பாக அப்படியே நின்றது. வீட்டிலும் இரண்டு நாளாக அப்படித்தான் நின்றது. மெலிந்ததால் தோல் தொளதொளத்துவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டேன். காலில் குழாய் மாட்டி டிரிப் ஏற்றுகிறார்கள்.

"எப்படிப் போட்டீங்க, காட்டுங்க" என்று ஒரு துண்டை மடித்து, தண்ணீர் நிரப்பிய ஊசியையும் கொடுத்தார் டாக்டர். அதே கை, அதே வேகம். அந்தப் பக்கம் மேசையில் தண்ணீர் சொட்டியது. "ஒரு சொட்டுகூட உள்ள போயிருக்காது போலங்க" என்றார். தையற்காரனுக்கு ஊசி அந்தப் பக்கம் வந்தால்தானே நிம்மதி.

ஒன்றை மறைத்துவிட்டேன். மூன்றாம் நாளே பிடரியில் மருந்து வாடை அடித்தது. விரலால் தொட்டு மோந்துகூடப் பார்த்தேன். உன்னிடம் கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்பாய் என்று கேட்கவில்லை. நக்கியிருப்பான் என்று எழுதியது பொய்.

உன் நம்பரைத் தடுத்தது எழுதியே தொலைப்போம் என்று சொன்ன அன்றைக்கு, கோபத்தில். இப்போது தடையை எடுத்துவிட்டேன். திட்டுவதற்காவது கூப்பிடு.

மார்ச் 21

ஆஸ்பத்திரிக் கூண்டு காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள். துரை உயிரோடு இருக்கிறான். நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். நீங்கள் வீட்டுக்குக் குளிக்கப் போயிருப்பதாக டாக்டர் சொன்னார்; அந்த நேரம் பார்த்துதான் வந்தேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. இன்று காலை தானாக எழுந்து, ஒரு பூனை குடிக்கிற அளவு மட்டும் குடித்தானாம்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை பார்த்துவிட்டேன். வீட்டுக்காரருக்குப் பூனை பிடிக்கும்.

ஊசி அந்தப் பக்கம் வந்தது கைப்பழக்கம், அதை மன்னித்துவிட்டேன். வாடையை மோந்து பார்த்துவிட்டு, கடைக்கு வருகிறவர்களிடம் சிரித்துப் பேசியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் நான் எதைக் கேட்டாலும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பீர்கள். அதில் எத்தனை தடவை தெரிந்தே சொன்னீர்கள் என்று உங்கள் கடிதம் கிடைத்ததிலிருந்து யோசிக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். எழுதினால் நம்பிவிடுவேன்.

துரையின் அம்மா