ஐரினின் தொட்டில் கொக்கி

அன்புள்ள ஐரினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் ஆளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், இது உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் சொன்ன விஷயம்.

பிரசவத்துக்கு வரும் உனக்காக முன்னறையைத் தயார் பண்ணுகிறோம். விளாங்குடி வெயில் உனக்குத் தெரியும், அந்த அறையில் ஃபேன் கிடையாது. கூரையில் உன் தொட்டில் கொக்கி சும்மாதானே கிடக்கிறது, அதிலேயே மாட்டிவிடலாம் என்றார் அப்பா. எலக்ட்ரீஷியன் முத்துப்பாண்டி என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவன், அப்போது கேள்வி கேட்டால் தலையைக் குனிவான். இப்போது ஸ்டூலில் ஏறி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, டீச்சர் இத யாரு மாட்டுனதுன்னு அவன் கேட்கிறான். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நீ பிறந்த வாரம் தானே துளை போட்டு மாட்டியது என்றும், மூணு வருசம் எம்புள்ள இதுலதான் ஆடுச்சு என்றும் சொன்னார். அவன் ஓர் அரிசிச் சிப்பத்தை அதில் கட்டித் தொங்கவிட்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி ஓர் ஆட்டு ஆட்டினான். கொக்கி, சிமெண்ட், இருபத்தாறு கிலோ அரிசி எல்லாம் தரையில்.

எனக்குப் பயத்துக்கு முன்னால் ஆர்வம் வந்துவிட்டது. நானும் ஸ்டூலில் ஏறி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே கம்பியே இல்லை, வெறும் பூச்சுதான். கான்கிரீட்டைக் கொத்திக் கூரைக் கம்பியிலேயே கொக்கியைக் கோர்க்க வேண்டுமாம். கோர்த்து, சிமெண்ட் அடைத்து, ஒரு வாரம் காயவிட்டு, இரண்டு சிப்பம் தொங்கவிட்டான், அசையவில்லை. பிறகு மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயரில் கை வைத்தான். போல்ட்டில் இம்புட்டூண்டு பின் எதற்கு என்று கேட்டேன். ஃபேன் ஆட ஆட நட்டு தானாகக் கழலுமாம், அதைத் தடுப்பது அந்தப் பின்தானாம். இத்தனை வருடம் ஃபேனுக்குக் கீழே அறிவியல் பாடம் நடத்தியவளுக்கு இது தெரியாது.

அப்பாதான் அன்றிலிருந்து சரியில்லை. பழைய கொக்கியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஐரின்கிட்ட சொல்லிராத என்றார். இப்போது மத்தியானமானால் புது ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரித்து மேலேயே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். என்ன இது என்றால், புள்ளையும் பேரப்புள்ளையும் படுக்கறதுக்கு முன்னாடி நான் படுத்துப் பாக்குறேன் என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உங்கள் வீட்டு ஃபேன் எதில் தொங்குகிறது என்று ஆள் வைத்துப் பார்க்கச் சொல், நீ ஸ்டூலில் ஏறாதே. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. கர்த்தர் உங்கள் மூவருக்கும் துணையாக இருப்பாராக. இங்கே வந்ததும் அப்பாவிடம் எதுவும் கேட்காதே. நேராகப் போய் அந்த ஃபேனுக்குக் கீழே படுத்து நன்றாகத் தூங்கு, அவருக்கு அது போதும்.

உன் அம்மா,
விக்டோரியா கிருபாகரன்